ஜாமெட்ரி பாக்ஸில் பின்னல் நுனி

தேங்காயெண்ணெய் வாங்கத்தான் போனேன். அல் ஐனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய கடையில், எண்ணெய் அடுக்கியிருக்கும் வரிசைக்கு முந்தின வரிசையில், ஒரு வெள்ளைக்கார அம்மா தன் மகனின் மூக்கில் வெயில் கிரீமைத் தேய்த்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காசு கொடுக்காத ட்யூபைத் திறக்கலாமா கூடாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானாக இருந்தால் மூடியைத் தொடுவதற்கே கடைக்காரரைத் தேடிப்போய் அனுமதி கேட்டிருப்பேன். அந்த கிரீமில் தேங்காய் வாசனை. நல்ல வாசனைதான். நான் எண்ணெய் வாங்காமலே வெளியே வந்து, காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்டாக் இல்லை என்று வீட்டில் சொன்னேன். மனைவி நம்பவில்லை. தேங்காயெண்ணெய் ஸ்டாக் இல்லாத கடை வளைகுடாவில் எங்கே இருக்கிறது?

சின்ன வயதில் இங்கே நான் படித்த பள்ளியில் நீச்சல் நாளன்று வராந்தா முழுக்க இந்த வாசனைதான் இருக்கும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கை காலெல்லாம் பூசிக்கொண்டு வருவார்கள். மிஸ் பக்கத்தில் போய் மூச்சை இழுத்து, "ம்ம், லவ்லி" என்பார். அதே தேங்காய் எங்கள் தலையில் இருந்தால் அதற்கு வேறு பெயர். என் லாத்தா உட்கார்ந்த பெஞ்சுக்குப் பின்னால் ஆலிவர் என்றொரு பையன் இருந்தான். லாத்தா உள்ளே வந்ததும் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கிச்சனில் யாரோ எதையோ பொரிக்கிறார்கள் என்பான். வகுப்பே சிரிக்கும். சொல்லிவிடுகிறேன், நம் ஊர்ப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்கள் அன்று காலை ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வந்திருப்பார்கள்.

லாத்தா என்றால் அக்கா. கீழக்கரையில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்பா வாப்பா, அம்மா உம்மா. வாப்பா அந்தப் பள்ளியில் பஸ் டிரைவர். அதனால்தான் அவ்வளவு பெரிய பள்ளியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. டிரைவர் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். அந்தப் பாதிக்காக உம்மா வீட்டில் இருந்தபடியே அக்கம்பக்கத்து ரூம்களில் தங்கியிருந்த ஆட்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். எங்கள் சீருடையில் எப்போதும் கொஞ்சம் மீன் ஆணத்தின் குழம்பு வாசனை இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆலிவர் முழுப்பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது.

பள்ளியில் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். வாசலில் கொடிகள் வரிசையாகப் பறக்கும். ஆண்டு விழாவில் எல்லோரும் கைகோத்து நின்று பாடுவோம். விதிகளும் எல்லோருக்கும் ஒன்றுதான், சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். ஓடக்கூடாது. கத்தக்கூடாது. ஆங்கிலம் தவிர வேறு பேசக்கூடாது. மீறினால் மஞ்சள் அட்டை. நானும் லாத்தாவும் ஒருநாள் தண்ணீர்க் குழாய் பக்கம் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, இரண்டு அட்டை. அதே குழாயடியில் ஒரு பிரெஞ்சுக்காரச் சிறுமி தன் தம்பியிடம் பிரெஞ்சில் பேசியபோது அதே மிஸ் நெஞ்சில் கை வைத்து, "எவ்வளவு இனிமையான மொழி" என்றார்.

முஸ்தபாவைச் சொல்ல வேண்டும். சூடான்காரன், என் வகுப்பு, என்னைவிட ஒரு முழம் உயரம். ஓட்டப் போட்டிக்கு அவனிடம் கேட்காமலே பெயர் எழுதிக்கொள்வார்கள். கணக்கில் அவன்தான் முதல். ஆனால் கணக்குப் போட்டிக்கு அவனை ஒருவரும் கூப்பிட்டதில்லை. வராந்தாவில் எல்லோரும் ஓடினால் அவன் ஓடுவது மட்டும் ஆபத்தாகத் தெரியும். ஒருமுறை விளையாட்டு ஆசிரியர் அவன் வயதை நம்பாமல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தான். அதைப் பார்த்த பிறகும் அவர் நம்பவில்லை. பஸ்ஸில் நாங்கள் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. எங்களுக்குக் கீழேயும் ஒருவன் இருக்கிறான் என்பதில் அந்த வயதில் ஒரு நிம்மதி இருந்தது.

லாத்தா படிப்பில் நெருப்பு. பத்தாம் வகுப்புக்குப் போகும்போது பிள்ளைகளைப் பிரிப்பார்கள். முதல் செட்டுக்கு மட்டும்தான் சயின்ஸ், லேப் எல்லாம். அந்த செட்டில் இடம் பிடித்தால் மேலே மருந்து சம்பந்தமாகவோ லேப் சம்பந்தமாகவோ படிக்கலாம். லாத்தாவுக்கு அந்த ஒன்றுதான் ஆசை. மார்க் இருந்தும் முதலில் அவளை காமர்ஸில் போட்டார்கள். "உங்கள் பெண்களுக்கு அது நன்றாக வரும்" என்றார் ஹெட் மேடம். சயின்ஸ் சார் சண்டை போட்டதால் கடைசியில் முதல் செட்டில் சேர்த்தார்கள். ஆனால் ட்ரையலாக. அதாவது ஒரு பருவம் நடத்தையைப் பார்ப்பார்கள், சரியில்லை என்றால் இறக்கிவிடுவார்கள். அந்த செட்டில் வேறு யாருக்கும் ட்ரையல் இல்லை. ஆலிவருக்கு அவளைவிட எவ்வளவோ குறைந்த மார்க். அவனுக்கும் இல்லை.

லேப்பில் போடும் வெள்ளைக் கோட்டை லாத்தா தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து இஸ்திரி போடுவாள். உம்மா கேலி செய்வார். "என்னமோ மாப்ள சட்டைக்கு இஸ்திரி போடுற மாதிரில்ல போடுறா."

இப்போது வாப்பாவின் சாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வாப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம், ஹிந்தி கொஞ்சம், அரபி கொஞ்சம். மூன்றிலும் அவர் தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை சாரி. போலீஸ்காரர் கையைக் காட்டினால் சாரி. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தால் சாரி. ஒருநாள் ரவுண்டானாவில் ஒரு பெரிய கார் பின்னால் வந்து எங்கள் பஸ்ஸை இடித்தது. வாப்பா குதித்து இறங்கி, இடித்தவரிடம் ஓடிப்போய் சாரி சொன்னார். அந்த மனிதர் வெட்கப்பட்டு, வண்டிக்குள்ளிருந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் அதைத் தின்றுகொண்டே வாப்பா எங்களுக்குச் சொன்னார். "நாம அடுத்தவன் நாட்டுல பொழைக்க வந்தவங்க. மொதல்ல சாரியச் சொல்லிப்புடணும். என்ன ஏதுன்னு பொறவு கேட்டுக்கலாம். சாரி சொல்லிட்டா கலாஸ், அதுக்கு மேல அவனால என்ன செய்ய முடியும்?"

பழம் நல்ல பழம். நாங்கள் தலையாட்டிக்கொண்டே தின்றோம்.

அந்தப் பருவம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. லாத்தாவின் தலைத்துணிக்குக் கீழே பின்னல் நுனி தொங்கும். லேப்பில் அவள் குனிந்து எதையோ அளந்துகொண்டிருந்தபோது ஆலிவர் கத்தரிக்கோலால் அதை வெட்டிவிட்டான். ரிப்பனோடு ஒரு விரல் நீளம். அவனுடைய கூட்டாளிகள் கை தட்டினார்கள். லாத்தா திரும்பினாள், இரண்டு கையையும் அவன் நெஞ்சில் வைத்து ஒரே தள்ளு. அவன் கண்ணாடி அலமாரியில் போய் விழுந்தான். முழங்கையில் கீறல்.

ஆலிவரை நர்ஸிடம் கூட்டிப்போய் பொம்மைப் படம் போட்ட பிளாஸ்டர் ஒட்டினார்கள். அவன் அம்மா வந்தார். அவரை உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். அவன் செய்தது விளையாட்டு, வயசுக் குறும்பு. லாத்தா செய்தது வன்முறை. இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். அவளை ஆபீஸ் வாசலில், எல்லா வகுப்பும் கடந்துபோகும் இடத்தில், சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். என் வகுப்பும் கடந்தது. அவள் கையில் ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது.

மதியம் வாப்பாவைக் கூப்பிட்டார்கள். வழியில் என்னையும் வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு போனார். "இங்கிலீசுல ஏதும் கேட்டா நீ சொல்லு தம்பி." அவருக்கு என் ஆங்கிலத்தின் மேல் பெரிய நம்பிக்கை. எனக்கோ தமிழிலேயே நாலு பேர் முன்னால் வாய் திறக்காது. அறைக்குள் ஆலிவரின் அம்மா கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வாப்பா அதைப் பார்க்கவே இல்லை. டிரைவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார்.

ஹெட் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பேச வாயெடுப்பதற்குள் வாப்பா ஆரம்பித்துவிட்டார்.

"சாரி மேடம். வெரி சாரி மேடம். மை டாட்டர் மிஸ்டேக். சாரி, சாரி."

அந்த அம்மாவையும் பார்த்துக் கும்பிட்டு இன்னொரு சாரி. எனக்கு மொழிபெயர்க்க வேலையே வரவில்லை.

ஹெட் மேடம் புன்னகைத்தார். நிஜமாகவே அவருக்கு நிம்மதி. "அப்படியென்றால் நடந்ததைக் குடும்பம் ஒப்புக்கொள்கிறது" என்று பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் லாத்தா முன்னால் வந்து ஜாமெட்ரி பாக்ஸை மேசைமேல் வைத்துத் திறந்தாள். காம்பஸுக்கும் அழிப்பானுக்கும் நடுவில் அந்தப் பின்னல் நுனி, சிவப்பு ரிப்பனோடு சுருண்டு கிடந்தது. பாக்ஸைத் திறந்ததும் அறையெல்லாம் தேங்காயெண்ணெய் வாசனை. "ஹி கட் மை ஹேர்" என்றாள்.

ஹெட் மேடம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "தயவுசெய்து அதை மூடு. சுத்தமில்லை."

லாத்தா மூடவில்லை. வாப்பாவைப் பார்த்தாள்.

"வாப்பா, அவன்தான் என் முடிய வெட்டுனான். நீங்க எதுக்கு சாரி சொன்னீங்க?"

"இங்கிலீஷ், ப்ளீஸ்" என்றார் மேடம்.

வாப்பா பாக்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விஷயம் தெரிகிறது. அவர் முகத்தை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. மூன்று மொழியிலும் தேடியிருப்பார். பிறகு கையை நீட்டி, பாக்ஸை அவரே மூடினார்.

"சாரி மேடம்" என்றார்.

முடிவு உடனே சொல்லப்பட்டது. முதல் செட் ட்ரையல் முடிந்தது. இந்தப் பள்ளியும் முடிந்தது. அதே கம்பெனி நடத்தும் இன்னொரு பள்ளி ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கே மதிய ஷிப்டில் சேர்ந்துகொள்ளலாம். அங்கே காமர்ஸ் மட்டும்தான், லேப் கிடையாது. தகப்பனார் பெருந்தன்மையாக நடந்துகொண்டதால் அவர் வேலைக்கு ஒன்றும் வராது. ஆலிவரிடம் பேசிவிடுவதாக அவன் அம்மா சொன்னார். பேசியிருப்பார்.

வராந்தாவில் வாப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கலாஸ்மா. வேல போகல, விசா போகல. அல்லா காப்பாத்துனான்."

"எனக்குப் போயிருச்சு வாப்பா" என்றாள் லாத்தா. அதற்கப்புறம் பல மாதங்கள் அவரோடு பேசவில்லை. அன்று இரவு வெள்ளைக் கோட்டை உம்மா மடித்து, பிறகு தரை துடைக்க எடுத்தார். நல்ல கனமான துணி, வீணாகக் கூடாது.

நான் அந்தப் பள்ளியிலேயே இருந்தேன். ஆலிவர் எங்கள் பஸ்தான். தினமும் அவன் வில்லா வாசலில் வாப்பா வண்டியை நிறுத்திக் கதவைத் திறப்பார். முதல் படியில் கால் வைத்ததுமே அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு, கையைக் கூப்பி, "சார்ரி மேடம், வெர்ரி சார்ரி மேடம்" என்பான். அறையில் நடந்ததை அவன் அம்மா வீட்டில் நடித்துக் காட்டியிருக்க வேண்டும். கொஞ்ச நாளில் பஸ்ஸில் ஏறும் எல்லோரும் அப்படிச் சொல்லி ஏறினார்கள். நம் பிள்ளைகளும்தான். முஸ்தபா மட்டும் சொல்லவில்லை. அவன் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வான்.

ஒருநாள் சாப்பிடும்போது வாப்பா உம்மாவிடம் சொன்னார். "அந்த வெள்ளக்காரப் பய இப்பத் திருந்திட்டான். ஏறும்போதே சாரி சொல்லிட்டு ஏறுறான். நல்ல மரியாத."

லாத்தா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். நான் தண்ணீர் குடித்தேன். அவர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே எங்களுக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் கீழக்கரைக்குத் திரும்பி, மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகி, அதுவும் பல வருஷம் ஆகிவிட்டது.

லாத்தா இப்போது குவைத்தில், மங்காஃபில் இருக்கிறாள். மச்சான் அங்கே ஒரு கடையில் வேலை. அவள் ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் உள்ளே இருப்பார்கள், அவள் வெளியே இருப்பாள். போன வருஷம் லீவில் போயிருந்தேன். லிப்டுக்காக நின்றோம். லாத்தா, அவள் மகள், நான். கதவு திறந்ததும் ஒரு பையன் சைக்கிளோடு வெளியே பாய்ந்து, சக்கரத்தை லாத்தாவின் காலில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்புக்கு வெளியே விரலில் ரத்தம்.

"சாரி" என்றாள் லாத்தா. ஒதுங்கி வழிவிட்டாள்.

"வை ஆர் யூ சேயிங் சாரி, மா?" என்றாள் மகள்.

லாத்தா உள்ளே ஏறிப் பொத்தானை அழுத்தினாள். லிப்ட் மேலே போகும்வரை எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. இடித்துவிட்டு வில்லாக்கள் கட்டிவிட்டார்கள். கொடிகள் பறந்த இடத்தில் ஒரு கார் ஷெட். மஞ்சள் அட்டைகள் போய்விட்டன, வாப்பாவின் பஸ் எந்த ஸ்கிராப் யார்டுக்குப் போனதோ. ஹெட் மேடம் தன் ஊரில் எங்காவது வயதாகி இருப்பார். இவற்றில் எதுவும் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஜாமெட்ரி பாக்ஸ்கூட வீடு மாறியபோது எங்கோ விழுந்துவிட்டது, போகட்டும்.

ஆலிவரின் நெஞ்சில் வைத்துத் தள்ளிய அந்த இரண்டு கைகளைத்தான் லிப்டுக்குள் தேடினேன். ஒன்றில் காய்கறிப் பை இருந்தது. இன்னொன்று தலைத்துணியின் நுனியைப் பிடித்து உள்ளே செருகிக்கொண்டிருந்தது.