திரும்பி வந்த போத்தல்

பிள்ளைகளே, சோடா குடித்துவிட்டு நீங்கள் எறிகிற பிளாஸ்ரிக் போத்தலை நான் ஏன் கழுவி எடுத்து வைக்கிறேன் என்று கேட்டுச் சிரித்தீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஊர்காவற்றுறையில் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு போத்தல்தான் இருந்தது. மாமா ஜேர்மனியிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. உங்கள் சித்தப்பா அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அந்தப் போத்தலில் ஒரு றொக்கெற் செய்தார். பாதி தண்ணீர், மீதி காற்று. காற்றை அடித்து இறுக்கினால் தக்கை கழன்று போத்தல் மேலே பாயும். பாய்வது பெரிய காரியமில்லை என்பார். அது உடையாமல் இறங்கி, மறுபடியும் பாய வேண்டும். வேறு போத்தல் ஏது?

போத்தல் சாயாமல் பாய, அம்மாவின் பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டிச் செட்டைகள் வைத்தார். கிழிந்த குடையின் சீலை பரசூட் ஆனது. போத்தல் தலைகீழாகத்தான் பாயும்; அதனால் சீலையை மடித்து, மேல்நோக்கி நிற்கிற அதன் அடியில் வைத்து மேலே சின்னச் சிரட்டையால் மூடினார். தக்கையில் பூட்ட வால்வு கிடைக்கவில்லை. சாமான்களுக்குத் தட்டுப்பாடான காலம். என் சைக்கிளின் முன்சில்லு வால்வைக் கழற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் வேலைக்கு நடந்துதான் போனேன்.

கண்காட்சிக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை கடற்கரையில் விட்டுப் பார்ப்பதென்று முடிவு. விடியவே எல்லாம் ஆயத்தம். ஓர் ஓலை அசையவில்லை. புறப்படும்போது அம்மா வாசலில் நின்றார்.

"ராகுகாலம் துடங்கப் போகுது. முடிய விடுங்கோவன். உது திரும்பி வரவேணும் எண்டுதானே இவ்வளவு பாடு?"

அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு எங்களுக்குப் போக மனம் வரவில்லை. குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருந்தோம். விஞ்ஞானம் படித்தவரும் காத்திருந்தார். ராகுகாலம் முடிந்தது; தெற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றும் எழும்பிவிட்டது.

கடற்கரையில் நான் காற்றடித்தேன். தக்கை கழன்றதும் போத்தல் பனைகளுக்கு மேலே போனது. சிரட்டை விலகிக் குடைச்சீலை விரிந்தது. சித்தப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். சோளகம் அந்தச் சீலையைப் பிடித்துக் காரைநகர்ப் பக்கமாகக் கடலுக்குள் கொண்டுபோய் மெதுவாக இறக்கியது. மிதப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் கடற்படை. நீந்திப் போக ஏலாது. கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாம் நாள், கடற்றொழில் செய்கிற அண்ணை ஒருவர் அதை வீட்டுக்கே கொண்டுவந்தார். சீலையைக் காயவைத்து மடித்திருந்தார். போத்தலில் ஒரு கீறல் இல்லை, செட்டைகள்கூட இருந்தன. கழுத்துப் பக்கம் மட்டும் இல்லை.

"வள்ளத்துக்கை தண்ணி இறைக்க நல்லாயிருக்குமெண்டு வாயை வெட்டிப்போட்டன் தம்பி. பிறகுதான் உம்மடையெண்டு சொல்லிச்சினம்."

சித்தப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் வெட்டியிருக்கிறியள் அண்ணை. நீங்களே வைச்சிருங்கோ. எங்களுக்கு இனி உதவாது."

மனிதருக்கு முகம் வாடிவிட்டது. மீன் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கொண்டுவந்தும் தந்தார். சித்தப்பா கண்காட்சிக்குப் போகவில்லை. அடுத்த வருடம் கண்காட்சியும் இல்லை, அவரும் ஊரில் இல்லை. றொக்கெற்றைப் பற்றி அவர் அதற்குப் பிறகு கதைத்ததேயில்லை. அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் வேறு போத்தல் வரப்போவதில்லை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

போத்தலோடு அண்ணை போன அன்று பின்னேரம், சித்தப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, காற்றடிக்கிற பம்மில் கொழுவியபடியே கிடந்த தக்கையை எடுத்தேன். வால்வைக் கழற்றி, உப்பைத் துடைத்து, சைக்கிளின் முன்சில்லில் பூட்டிக் காற்றடித்தேன்.