மோட்டார் கரண்ட்டில் பாடிய பெட்டி

ஒரு வாரமாக என் செல்போனில் இரண்டு படங்கள் திறந்தபடியே கிடக்கின்றன. இரண்டும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள். வாங்கிச் சொருகியதும் பாடுகிற ரகம் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர், ஒயர், ரெசிஸ்டர், பழைய ரேடியோவில் மினுக்குமே அந்தக் கண்ணாடி வால்வு, எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். நாம்தான் உட்கார்ந்து பற்றவைத்துச் சேர்க்க வேண்டும். ஒன்று சின்னது, ஐந்து வாட். இன்னொன்று பெரியது, பதினெட்டு வாட். காலையில் ஒன்றை முடிவு செய்கிறேன், மாலைக்குள் மனசு மாறிவிடுகிறது. பொறுத்துப் பார்த்த என் மனைவி நேற்று கேட்டேவிட்டாள்: "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இம்மா யோசிக்கல நீங்க. இன்னாத்துக்கு இந்தப் பாடு?"

நியாயமான கேள்விதான். அதிலும் எனக்குக் கிட்டாரே வாசிக்க வராது. தூக்கத் தெரியும், துடைக்கத் தெரியும், மேடையில் ஒயர் சொருகத் தெரியும். வாசிக்கிறவன் அந்தோணி. கத்தாரிலிருந்து இந்த வருஷம் ஒரேயடியாகத் திரும்பி வருகிறான். அவன் வந்து இறங்கும்போது ஒரு வால்வு ஆம்ப் தயாராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

ஆசையைக் கிளப்பிவிட்டது மகளின் ஹெட்ஃபோன். ஒயர் அறுந்துவிட்டது என்று நீட்டினாள். பரணிலிருந்து சால்டரிங் அயனை இறக்கி, தூசி தட்டிச் சூடாக்கினேன். ஈயம் உருகியதும் அந்தப் பிசின் புகை எழும் பாருங்கள், சாம்பிராணியிலும் சேராமல் கற்பூரத்திலும் சேராமல் மூக்கில் போய் உட்காரும். அவ்வளவுதான், நான் வில்லியனூர் வீட்டில் இல்லை. பாகூர்ப் பக்கம், வயல் நடுவே நாலைந்து வீடுகள் மட்டும் இருந்த இடத்தில், அந்தோணி வீட்டு முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நாங்கள் இருவரும் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனி. ஃபிரிட்ஜுக்கும் டி.வி.க்கும் கரண்ட் கூடினாலும் குறைந்தாலும் சரிசெய்து கொடுக்குமே, அதுதான். நான் டெஸ்டிங், அவன் பேக்கிங். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு என்னைப் பார்த்துச் சிரிக்க உதவும்.

வேலை முடிந்த நேரத்தில் இருவரும் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, மாதா கோயில் தேர் எல்லாவற்றுக்கும் போவோம். அவன் கிட்டார், நான் ஒயர். குழுவை நடத்தியவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கீபோர்டு வாசிப்பார், நல்ல மனுஷன். அந்த வருஷம் புதுசாக ஒரு கீபோர்டு வாங்கினார். அதை வாங்கிய நாளிலிருந்து அவர் பார்வை மாறிவிட்டது.

"இதுலயே எல்லா சத்தமும் வந்துடுது அந்தோணி. கிட்டாரும் வருது. நீ இல்லன்னா வண்டியில ஒரு ஆளு எடம் மிச்சம்" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தோணியும் சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியில் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்தவன் கிட்டாரை இறுக்கிப் பிடித்தபடியே வந்தான்.

அவனுக்கு அது வெறும் மேடை இல்லை. மாமனார் கத்தாரில், தோஹாவில் ஒரு கம்பெனி ஸ்டோரில் அவனுக்கு வேலை பேசி வைத்திருந்தார். பாட்டு கீட்டு என்று எத்தனை நாள் ஓட்டுவான் என்பது அவர் கேள்வி. குழுவில் இடம் இருக்கிறவரைக்கும் இங்கே இருக்கட்டும், அது போனால் விசாவை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியது என்று மாமனாரும் மருமகனும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு அவன் போவதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. கைக்குழந்தை வேறு. ஆனால் அப்பாவை எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை அவள்.

"கீபோர்டுல வராத சத்தம் ஒண்ணு வேணும்டா. அது இருந்தா மாஸ்டரு என்ன இறக்கிவுட மாட்டாரு" என்றான் அந்தோணி. அப்படி ஒரு சத்தத்தை அவன் ஒருமுறை கேட்டிருந்தான். பாண்டி கடற்கரைப் பக்கம் ஒரு மேடையில் வெளியூர்க்காரன் ஒருத்தன் வால்வு ஆம்ப் வைத்து வாசித்தானாம். ஒரு சுரத்தைத் தொட்டால் அது உடனே செத்துப்போகாமல் நின்று, நீண்டு, கரகரத்து அழுததாம். சொல்லும்போதே அவன் கை முடி சிலிர்த்து நிற்கும்.

நாமே பற்றவைத்துச் சேர்க்கிற பெட்டிக்கு 'கிட்' என்று பேர்; அப்படி ஒரு கிட் தேடினோம். வில்லியனூர் பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் இரண்டு பேரும் பாதிப் பாதி உட்கார்ந்து தேடினோம். அன்றைக்கும் இதே சின்னது, பெரியது சண்டைதான்.

"பெருசு வாங்குடா. மண்டபத்துல கடைசி வரிசைக்குக் கேக்கணும்ல?" என்றான் அந்தோணி.

"பெருசு எதுக்குடா? வால்வு முக்குனாத்தான் அழும். பெருச முக்கவுட்டா பொண்ணு மாப்ளயே எழுந்து ஓடிடுவாங்க. சின்னத முழுசா தொறந்து வுட்டு முன்னாடி ஒரு மைக்க வெச்சிக்கலாம்."

"பொண்ணு மாப்ள ஓடுனா ஓடட்டும், சாப்பாடாவது மீதியாவும்" என்றான். பிறகு ரொம்ப நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "சரி, சின்னதே" என்றான். நான் சொன்னதற்காக அல்ல. சின்னதின் படத்தில் வால்வு முழுசாகத் தெரிந்தது, அதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பெட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து அந்தோணியும் ஸ்டெல்லாவும் வீடு திரும்புவதற்கும் நான் போய்ச் சேருவதற்கும் சரியாக இருக்கும். ஸ்டெல்லா வஞ்சிரம் வறுப்பாள். எண்ணெய் வாசமும் ஈய வாசமும் கலந்து, பசிக்கிறதா குமட்டுகிறதா என்றே தெரியாது. வால்வு ஆம்ப்பில் ஒரு சங்கடம் உண்டு; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் பதுங்கியிருக்கும். அதை முதலில் வடிக்க வேண்டும் என்று அந்தோணிக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்துவிட்டு, அடுத்த நிமிஷம் நானே கையை வைத்தேன். சுவரோரம் போய் விழுந்தேன். "அண்ணே, பாடம் முடிஞ்சிதா?" என்று ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

முதல்முறை போட்ட மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வால்வு மெல்லச் சிவந்தது. அந்தோணி ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். சத்தம் எழுந்தது, கொஞ்சம் குழைந்தது, பிறகு நீண்டுகொண்டே போனது. அழுது ஓய்ந்த பிள்ளை விசும்புமே, அந்த மாதிரி ஒரு கரகரப்பு அதன் அடியில். ஸ்டெல்லா ஈரக்கையோடு வந்து கதவருகே நின்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவன் பிழைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

அதன் பிறகு தினமும் ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் அங்கேதான் பயிற்சி. ஃபிரிட்ஜுக்கு நம்ம கம்பெனி ஸ்டெபிலைசர் ஒன்று இருந்தது. அதன் வழியாக ஆம்ப்பைப் போட்டுப் பார்த்தோம். 'டக் டக்' என்று அதற்குள் ரிலே சுவிட்ச் அடிக்கிற சத்தம் பாட்டுக்குள் நுழைந்தது. சீ என்று பிடுங்கிவிட்டு நேராகச் சுவரில் சொருகினோம்.

திருக்கனூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாஸ்டரிடம் அந்தோணி, "இன்னிக்கு மட்டும் கேளுங்க மாஸ்டர், அப்பறம் நீங்க இன்னா சொன்னாலும் சரி" என்று சொல்லியிருந்தான். மண்டபம் முழுக்க ஜெனரேட்டர் கரண்ட். நான் மைக்கை வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பாட்டின் நடுவில் வருகிற தனிக் கிட்டாரை ஆரம்பித்தான்.

அழவில்லை. தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி சுள்ளென்று வந்தது. வந்த வேகத்தில் அறுந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பெட்டியைத் திருகினேன், ஒயரை மாற்றினேன், மைக்கைத் தள்ளி வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நீட்ட வேண்டிய இடத்தில் சுரம் நிற்காததால் அவன் அந்த இடைவெளியை விரலால் நிரப்பப் பார்த்து, தாளத்தை விட்டுவிட்டான். மாஸ்டர் அந்த மிச்சத்தைக் கீபோர்டில் வாசித்து முடித்தார். நன்றாகவே வாசித்தார். வண்டியில் ஏறும்போது அவன் தோளைத் தட்டி, "நீ நல்ல வாசிப்புக்காரன் பா. ஆனா பாத்தல்ல" என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை.

விசா வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஆம்ப்பைப் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றுவிட்டேன். அதே அழுகை, அதே குழைவு.

"பெட்டி நல்லாத்தான்டா இருக்குது. அன்னிக்கு இன்னா வந்துது இதுக்கு?" என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் வாசித்துக்கொண்டே இருந்தான். திடீரென்று மேலே இருந்த குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்த நொடியே கிட்டார் சத்தம் இறுகி, தகரமாகிவிட்டது. அடுப்படியிலிருந்து ஸ்டெல்லா, "அப்பாடா, மோட்டார் நின்னுபோச்சி, மாவ அரைச்சிக்கறேன்" என்றாள். மிக்ஸி உறுமியது.

நானும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பாகூர் ஏரிப் பாசனம் போக மீதி வயலுக்கெல்லாம் போர்வெல்தான். மும்முனைக் கரண்ட் வந்ததும் சுற்றிலுமுள்ள மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். வீடுகளுக்கு வருகிற வோல்டேஜ் அப்படியே படுத்துவிடும். பல்பு மஞ்சளாகும், மிக்ஸி சுற்றாது. நாங்கள் பயிற்சி செய்த நேரமெல்லாம் அந்த நேரம்தான். பட்டினி போட்ட வால்வு அந்தப் பட்டினியில் குழைந்து பாடியிருக்கிறது. ஜெனரேட்டரில் வயிறு நிறைய கரண்ட் கிடைத்ததும் விறைத்துக்கொண்டது. நாங்கள் உயிரைக் கொடுத்த அந்தச் சத்தத்தில் பாதி கிட்டிலிருந்து வரவே இல்லை. நாற்று நடவுக்குத் தண்ணீர் பாய்ச்சிய மோட்டார்கள் கொடுத்தது அது.

விஷயத்தைச் சொன்னதும் ஸ்டெல்லா மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்தாள். "நெதமும் நான்தான் மாவு அரைக்க முடியலன்னு கத்தறேனே. ஸ்டெபிலைசரு கம்பெனியில ரெண்டு பேரும் இன்னாதான் வேல பாக்கறீங்க?"

இப்போது சிரிக்கலாம். அன்றைக்கு அந்தோணியும் சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "இத மாஸ்டராண்ட போய் சொல்லேன். இன்னொரு தபா கேப்பாரு. எங்கப்பாகிட்ட நான் பேசறேன்" என்றாள். அவள் அப்பாவிடம் பேசுகிறேன் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"இன்னான்னு சொல்றது? மண்டபத்தச் சுத்தி பம்ப்செட்டு ஓடல, அதான் வாசிக்க வரலன்னா?" என்றான் அந்தோணி.

அவன் மாஸ்டரிடம் போகவே இல்லை. ரோஷமா, அலுப்பா, இல்லை உள்ளுக்குள் தன் வாசிப்பின் மீதே நம்பிக்கை விட்டுப்போனதா, தெரியாது. ஒருமுறை கேட்டிருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கிட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். ஆம்ப் அவன் வீட்டிலேயே இருந்து, ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறிப்போய்விட்டது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அவன் வீட்டைச் சுற்றி இப்போது வயல் இல்லை. கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள், பாதி மனைகளில் மாடி வீடு வந்துவிட்டது. முனையில் புது டிரான்ஸ்ஃபார்மர். பழக்கதோஷத்தில் வோல்ட் மீட்டரைச் சுவர்ப் பிளக்கில் குத்திப் பார்த்தேன். சாயங்காலமும் இருநூற்று முப்பது வோல்ட், அசையவில்லை. ஸ்டெல்லா நினைத்த நேரத்தில் மாவு அரைக்கிறாள். மங்கின பல்பையும் சுற்றாத மிக்ஸியையும் எவனாவது திரும்பி வா என்று கூப்பிடுவானா? நானும் கூப்பிடவில்லை. அதுவுமில்லாமல், வோல்டேஜை வேண்டிய அளவுக்குத் திருகிக் குறைக்கிற பெட்டி கடையிலேயே கிடைக்கிறது. சின்னக் கிட்டை வாங்கி, அந்தப் பெட்டியை முன்னால் போட்டுவிட்டால் பழைய பட்டினியைக் கொண்டுவந்துவிடலாம். அதைச் செய்யத்தான் போகிறேன்.

ஒன்றுதான் இடிக்கிறது. போன லீவுக்கு அந்தோணி வந்திருந்தபோது, அவன் கிட்டாரைப் புதுக் கம்பி போட்டு எடுத்துப்போய்க் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான். பிறகு அந்தத் திருக்கனூர்ப் பாட்டையே ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் நிறுத்தினான். இடது கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தான். கம்பி அழுத்தி அழுத்தி உளுந்துப் பருப்பு மாதிரி காய்த்துக் கிடந்த இடம். எத்தனையோ வருஷம் ஸ்டோரில் சிட்டை புரட்டிய அந்த நாலு விரலும் மெத்தென்று, வழுவழுவென்று இருந்தன. கம்பி பதிந்த சிவப்புக்கோடு மட்டும் இருந்தது.

"வலிக்குதுடா" என்றான்.