வானம் இல்லாத படம்

பாரிசில் சேன்-ழாக் தெருவில், அச்சுக்கு மரப்பலகை செதுக்கும் பட்டறை ஒன்றில் சிதோனி ரவூ பதினெட்டு ஆண்டுகள் வானம் மட்டுமே செதுக்கினாள். வாரப் பத்திரிகைக்கான பெரிய படத்தை மரத்துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள்; முகங்கள் சக தொழிலாளி ஃபிர்மேனுக்கு, மேகங்கள் சிதோனிக்கு. துண்டுகளைச் சேர்த்துத் திருகாணியால் முடுக்கிய பிறகு, வெட்டாமல் விட்ட கீழ்மூலையில் ஓவியரின் பெயரை முதலாளி செதுக்குவார். வெட்டியவர்களின் பெயர் எங்கும் வராது.

1895இல் பத்திரிகை புகைப்பட அச்சுக்கு மாறியது; பட்டறையை மூடினார்கள். அதே ஆண்டு இளம் ஓவியர்கள் சிலர், பழைய முறைப்படி பலகையில் தாங்களே கத்தியால் வெட்டிய படங்களுக்குக் கண்காட்சி அறிவித்தார்கள். வரைந்தவரே வெட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தச் சுவரில் தன் பெயரோடு ஒரு படம் தொங்க வேண்டும் என்று சிதோனி ஆசைப்பட்டாள்.

பேரிக்காய் மரப் பலகையில், பாலத்திலிருந்து குனிந்தால் தெரியும் சலவைப் படகையும் துணி துவைக்கும் பெண்களையும் வெட்டினாள்.

"வானத்தக் காணோமே?" என்றான் ஃபிர்மேன்.

"பதினெட்டு வருஷம் அண்ணாந்து பாத்தாச்சு. கழுத்து வலிக்குது."

தேர்வு நாளில், தேர்வாளர் மார்காஸ், அவள் அச்செடுத்துக் கொண்டுவந்த காகிதத்தில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தார். கீழ்மூலையில், வெட்டாமல் விட்டதால் கறுப்பாக விழுந்திருந்த சதுரத்தில் விரலை வைத்தார்.

"மதாம், பேருக்கு இடம் விட்டிருக்கீங்க. வரைஞ்ச ஆள் யாரு?"

சிதோனி அப்போதுதான் அதைக் கவனித்தாள். கைப்பழக்கம், சொந்தப் படத்திலும் யாருக்கோ மூலையை ஒதுக்கியிருந்தது.

"நான்தான், முசியே."

"அப்ப வரைஞ்ச தாளக் காட்டுங்க."

"தாள் ஏது? நேரா பலகையிலதான் வெட்டினேன்."

"அந்தம்மாவுக்கு மேகத்தத் தவிர வேற வரும்னு எனக்கே இப்பத்தான் தெரியும்," என்று கூட வந்திருந்த ஃபிர்மேன் இடையில் புகுந்தான்.

"நீ எனக்கு உதவி பண்ணாம இருந்தாலே போதும்."

அவள் பலகையைத் துணியிலிருந்து பிரித்து மேசையில் வைத்தாள். மார்காசை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். கோடு எதுவும் போடாமல் அந்தச் சதுரத்தில் கத்தியை இறக்கினாள். பிறகு மை தடவி, காகிதம் போர்த்தி, கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தாள்.

கறுப்புச் சதுரம் இருந்த இடத்தில், சலவைக்காரிகளைக் கரையிலிருந்து ஒரு மனிதர் குனிந்து, விரல் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்காசின் தாடி, மார்காசின் மூக்கு. காலடியில் 'சிதோனி ரவூ'.

அறையே சிரித்தது.

"என் மூக்கு இவ்வளவு பெருசா?"

"இடம் பத்தல முசியே, கொஞ்சம் குறைச்சிருக்கேன்."

மார்காஸ் சுத்தியலைக் கேட்டு வாங்கி, வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் அந்தப் படத்துக்குத் தானே ஆணி அடித்தார்.

அதன் பின் சிதோனி வெட்டிய ஒவ்வொரு பலகையிலும் முதலில் வெட்டியது தன் பெயரைத்தான்.