பறக்கும் படகுக்குப் பன்னிரண்டு பொட்டு

அந்தப் பறக்கும் படகைச் செய்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் “சித்தப்பா செய்த படகை இவள் கெடுத்த கதை” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை தரம்தான் திருத்துவது? எனக்குப் பல்லெல்லாம் விழுந்துவிட்டது, அந்தக் கோபம் மட்டும் விழவில்லை.

பதுளைக் கடைவீதியில் அப்பாவுக்கு இரும்புச் சாமானும் பெயின்ட்டும் விற்கிற கடை. கடைக்குப் பின்கட்டில் எங்கள் குடித்தனம். முதல் பெரிய யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ரயில் அப்போது பதுளைக்கு வரவில்லை. மேலே மலையில் ரயில் நிற்கிற இடத்தில் இறங்குகிற சாமான்கள் மாட்டு வண்டியில் எங்களிடம் வந்து சேரும். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர், லீவுக்கு வரும் மகனுக்காகச் சீமையிலிருந்து எங்கள் கடை மூலம் ஒரு பெட்டி தருவித்திருந்தார். பெட்டி வருவதற்குள் லீவு முடிந்து மகன் கப்பலேறிவிட்டான்.

துரை மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். “யாராச்சும் ஒட்டி வை. எங்க கிளப்புல வைக்கிறேன்” என்றார். துரைமார் தமிழ் அப்படித்தான். என் அப்பாவைப் பார்த்தே நீ, வா, போ என்பார்கள். கடைப் பலகையில் சாய்ந்துகொண்டிருந்த சித்தப்பா, “நான் செஞ்சு வைக்கிறேங்க தொரை” என்று முந்திக்கொண்டார். ஆறு வாரம் கழித்து வருவதாகச் சொல்லித் துரை போனார். அவர் சொன்ன நாள் எங்களுக்கு விஜயதசமியாக அமைந்தது.

பெட்டி மூடியில் ஒரு படம். தண்ணீரில் மிதக்கிற படகு, அதன் முதுகில் மாடி வைத்த மாதிரி இரண்டடுக்கு இறக்கை. உள்ளே இலக்கம் போட்ட மெல்லிய மரத்துண்டுகள், கம்பி, பட்டுத் துணி, எதை எதோடு ஒட்டுவது என்று வரைந்த ஒரு காகிதம். சித்தப்பா அந்தக் காகிதத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வந்தவர் அவர். வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாராம், ஆனாலும் கடல் சமாச்சாரம் என்றால் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். இறக்கையின் இரண்டு நுனியிலும் கீழே ஒவ்வொரு குட்டி மிதவை இருக்க வேண்டும். “கொழும்புல எத்தன ஓடம் பாத்திருக்கேன்! ஒரு பக்கந்தான் மிதப்புக்கட்டை இருக்கும். ரெண்டு வச்சா மீன்காரன் சிரிப்பான்” என்று சொல்லி ஒன்றைக் குப்பையில் போட்டார். மூன்றாம் நாள் பசையில் அவர் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அத்தோடு பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

எனக்குப் பதினொரு வயது. பெண்பிள்ளைக்குப் படித்தது போதும் என்று அந்த வருஷம்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும். அது போதுமாக இருந்தது. குப்பையைக் கிளறி மிதவையை எடுத்துவந்தேன்.

பசை என்றால் வச்சிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. எங்கள் வீடு சைவம். அந்த நாற்றம் தன் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். கொல்லையில் வெந்நீர்ப் பானைக்குள் சிரட்டையை மிதக்கவிட்டு உருக்கினேன். ஒட்டி முடித்த பிறகு தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. பதுளைக் குளிரில் ஆறு வாரத்தில் எத்தனை முழுக்கு! அத்தனைக்கும் தண்ணீர் ஊற்றியவள் அம்மாதான். உடைந்துபோன மூன்று கம்புகளுக்குப் பதிலாக விளக்குமாற்று ஈர்க்கைச் சீவி வைத்தேன். பட்டுத் துணியைக் கஞ்சி தடவி இழுத்து ஒட்டினேன். படத்திலிருந்த சாம்பல் நிறம் கடையில் எந்த டின்னிலும் இல்லை, வெள்ளைப் பெயின்ட்டில் விளக்குக்கரியைக் குழைத்து நானே உண்டாக்கினேன்.

படகு உருவம் எடுத்ததும் சித்தப்பாவுக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. அதைக் கடை முன்னால் தூக்கிக்கொண்டு போய், வருகிறவன் போகிறவனிடமெல்லாம், “நம்ம கைவேலை” என்று காட்டினார். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதைதான். அப்பாவோ தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். “நீங்க அப்பாகிட்ட சொல்லுங்கம்மா, நான்தான் செஞ்சேன்னு.” அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. “சும்மா இரு. சித்தப்பன எதுத்துப் பேசுற புள்ளையா நீ?” என்றாள். என் தலையில் அத்தனை குடம் தண்ணீர் ஊற்றியவள் சொன்ன பதில் இது.

சரி, துரை வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் முன்னால் நின்று சொல்லப்போகிறேன். சித்தப்பா மறுத்தால் ஈர்க்கு வைத்த கம்புகள் எவை என்று கேட்பேன், முழிப்பார். அதற்கப்புறம் துரை படகைக் கிளப்புக்குக் கொண்டுபோகட்டும், கடலில் போடட்டும், எனக்குக் கவலையில்லை. செய்தது நான் என்று ஒரு பெரிய மனிதர் வாயால் வந்தால் போதும்.

ஆயுத பூசையன்று காலையில் கடைசிப் பூச்சுப் பூசினேன். ஐப்பசி மழையில் எண்ணெய்ப் பெயின்ட் இலேசில் காயாது. “ஈரமா இருக்கு, யாரும் தொடாதீங்க” என்று வீடு முழுக்கச் சொல்லிவைத்தேன். அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன்.

சாயங்காலம் பூசைக்குக் கூப்பிட்டார்கள். தராசு, படிக்கல், சுத்தியல், இரும்பு வெட்டுகிற கத்தி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன் வரிசையாக அடுக்கியிருந்தது. நடுவில் என் படகு. மேல் இறக்கையில் ஆறு, உடம்பில் நாலு, வாலில் இரண்டு, மொத்தம் பன்னிரண்டு பொட்டு, எல்லாம் அம்மா வைத்தது. ஈரப் பெயின்ட்டில் சந்தனம் அழுந்திக் குழிவிழுந்திருந்தது. குங்குமம் எண்ணெயோடு கலந்து சாம்பல் நிறத்தில் சிவப்பாக ஓடியிருந்தது. துணியை எடுத்துத் துடைத்தேன். இறக்கை முழுக்க இழுவிக்கொண்டு, புண்பட்ட உடம்பாகிவிட்டது. கற்பூரத்தட்டு காட்டுகிற நேரத்தில் நான் கத்திய கத்தலுக்கு அப்பா என்னை அறைந்தார்.

மறுநாள் துரை வந்தார். படகைத் தூக்கிப் பார்த்தார், அப்படியும் இப்படியும் திருப்பினார். முகம் சுளித்தார். “என்னா இது? கெட்டுப்போச்சு. நீ செஞ்சதா?” என்று சித்தப்பாவைக் கேட்டார்.

இத்தனை நாளும் கடைவீதியெல்லாம் கைவேலை காட்டிய மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நான் இல்லீங்க தொரை! எல்லாம் இந்தப் புள்ள செஞ்ச வேலைங்க” என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

நான் ஆசைப்பட்டபடியே துரை முன்னால் நின்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. “சாமிக்கு வச்சுக் கும்பிட்டதுங்க. கொடுக்கிறது வழக்கமில்ல.” துரை இலேசாகச் சிரித்தார். படகை என் கையில் வைத்துவிட்டு, “நீயே வச்சுக்கோ” என்று குதிரையேறிப் போய்விட்டார்.

நான் நேரே அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். ஆறு வார உழைப்பை ஒரு சாயங்காலத்தில் பாழாக்கிவிட்டாயே, உனக்குக் கண் இல்லையா என்று மரியாதை இல்லாமல் கேட்டேன். “காஞ்சிருச்சுன்னு நெனச்சேன்” என்றாள், அவ்வளவுதான். என்னைத் திட்டக்கூட இல்லை. படகைத் தூக்கிக்கொண்டு போய் என் பாயின் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்தப் பன்னிரண்டு பொட்டின் குழியையும் தினமும் எண்ணி எண்ணிக் கோபத்தை வளர்த்தேன்.

முதல் பொட்டு வைக்கும்போதே அவள் விரலில் பெயின்ட் ஒட்டியிருக்கும். அதற்கப்புறமும் ஏன் பதினொன்று வைத்தாள் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.