கொழுந்தன் போட்ட கூரை

தையல்காரி எதையும் எளிதில் நம்பமாட்டாள். கடைக்காரர் அளந்து கொடுத்த துணியை அவர் கண்முன்னாலேயே இன்னொரு தடவை அளப்பாள். கணவன் அவளுக்கு வைத்த பெயர் சிஐடி. சிரித்துக்கொண்டேதான் அப்படிக் கூப்பிடுவான். அந்தச் சிரிப்பின்மேலும் அவளுக்கு ஒரு கண் இருந்தது.

அவளுடைய தையல் அறைக்குக் கூரை போட்டது கொழுந்தன். கட்டட வேலைதான் அவன் பிழைப்பு. பக்கங்கள் சாய்வாக வார்த்த கற்களை ஒன்றோடொன்று கோத்து, பொட்டுச் சிமெண்ட் வைக்காமல் தட்டையாகக் கூரை எழுப்பியிருந்தான். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கற்கள் இரண்டின்மேல் சாய்ந்திருக்கும். வேறு இரண்டைத் தாங்கியும் இருக்கும். நாலு ஓரத்திலும் கான்கிரீட் விட்டம். விட்டங்கள் வெளியே தள்ளிப்போகாமல் இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருந்தன.

"சிமெண்டே இல்லாம எப்படி தம்பி நிக்கும்?"

"ஒன்ன ஒன்னு நெருக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும் அண்ணி. ஓரம் இறுக்கமா இருக்கிற வரைக்கும் ஒரு கல்லும் கீழே வராது."

"ஓரம் தளர்ந்துட்டா?"

"அது எதுக்குத் தளரப்போகுது?"

அந்தப் பதில் அவளுக்கு ஜீரணமாகவே இல்லை.

ஒரு நாள் தையல் மெஷினுக்கு நேர் மேலே ஒரு கல் விரிசல் விட்டது. கொழுந்தன் வந்து தட்டிப் பார்த்தான். "இந்தக் கல்லோட நின்னுடும் அண்ணி. சிமெண்ட் வச்சு ஒட்டிக் கட்டியிருந்தாத்தான் விரிசல் அடுத்ததுக்குத் தாவும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"உங்க தம்பி மட்டமான கல்ல நம்ம தலையில கட்டிட்டாரு" என்றாள் கணவனிடம்.

"இருக்கும், இருக்கும்" என்றான் அவன்.

தம்பியைப் பற்றி ஒரு சொல் சொன்னாலே சண்டைக்கு வருகிறவன்! அன்றைக்கு டீயும் அவனே போட்டுக் கொடுத்தான். அவளுக்கு டீ இறங்கவில்லை.

மறுநாள் மேஜைமேல் ஏறி, துணியில் குறி போடும் சாக்பீஸால் கல்லுக்குக் கல் கோடு இழுத்து வைத்தாள். சில வாரம் கழித்து அண்ணாந்து பார்த்தபோது, விரிசல் விட்ட கல்லைச் சுற்றியிருந்த கோடுகள் அப்படியே இருந்தன. தெருப் பக்கத்துக் கோடுகள்தான் துண்டு துண்டாக விலகி, பாதி மேலேயும் பாதி கீழேயுமாக நின்றன.

தெருப் பக்கம் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று. கல் விரிசல் விடுவதற்குச் சில நாள் முன்னால், வெயில் படாமலிருக்கக் கணவன் அடித்த தகரச் சாய்ப்பு. ஏணி போட்டு அதன் பின்னால் எட்டிப் பார்த்தாள். விட்டத்தை இழுத்துப் பிடித்திருந்த கம்பியின் முனை அறுபட்டிருந்தது.

"இங்க இருந்த கம்பி என்னாச்சுங்க?"

"எந்தக் கம்பி?" வாய் அப்படிக் கேட்டது, கண் தகரத்துக்கே போய்விட்டது. "அது சும்மா துருத்திக்கிட்டு இருந்துச்சு. தகரம் உட்காரல. ஒரு கம்பிதானேன்னு..."

"கல்லு விரிசல் விட்டப்பவே உங்களுக்குத் தெரியும்."

அவன் உள்ளே போய், கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

மெஷினை இருவருமாகத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். துணி மூட்டைகளை எடுக்க அவள் திரும்பினாள். உள்ளே கரகரவென்று சத்தம். கூரை தொய்ந்து, ஒரு கல்லின் முனை உடைந்து விழுந்தது. மற்றவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தொங்கின.

தகவல் கேட்டு ஓடிவந்த கொழுந்தன் முட்டுக்கொடுத்தான். புதுக் கம்பி போட்டு, திருகித் திருகி இறுக்கினான். கூரை முனகிக்கொண்டே பழைய மட்டத்துக்கு ஏறியது. ஏணியிலிருந்து இறங்கியதும் கேட்டான்.

"என்னைத்தானே சந்தேகப்பட்டீங்க, அண்ணி?"

"ஆமா தம்பி."

கையைக் கழுவிக்கொண்டு போனவன் அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் தூங்குறாரு அக்கா" என்றாள். வாசலில் அவன் செருப்பு இல்லை. தையல்காரி படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறியபோது, கையில் பையோடு தெருமுனையிலிருந்து கொழுந்தன் வந்தான்.

"உங்களத் தப்பா நினைச்சுட்டேன் தம்பி. வீட்டுக்குள்ளயே தேடியிருக்கணும்."

அவன் அவளைத் தாண்டிப் போய்க் கதவை முழுசாகத் திறந்துவிட்டான்.