செத்த குழாய்

கொதிக்கும் தண்ணீரில் கண்ணாடிக் குழாயை இறக்கும்போது டிலானி முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வாள். இந்த ஆய்வுகூடத்தில் குழாய் வெடித்ததாகச் சரித்திரமே இல்லை. "வெடிச்சிட்டா என்னாங்க செய்றது?" என்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கோ பட்டப்பகலிலும் பேய்தான். மஹ்மூதா மேடம் சும்மா "டிலானி" என்று கூப்பிட்டாலே, "அனே கடவுளே" என்று எழுந்து நின்றுவிடுவாள்.

பலாங்கொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. இவளுக்கு மேடத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை, அதுவும் தற்காலிகம்.

வேலை இதுதான். கவ்வாத்தில் கத்தரித்துப்போட்ட தேயிலைக் குச்சிகளைப் பொடியாக்கி, பூஞ்சணத்திலிருந்து எடுத்த நொதியத்தை அதில் விடுவார்கள். நொதியம் நாரை உடைத்துச் சீனியாக்கும். பிறகு ஒரு மஞ்சள் மருந்தைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால், சீனி எவ்வளவோ அவ்வளவுக்குச் சிவக்கும். நொதியத்தின் பலத்தை அந்தச் சிவப்பில்தான் அளப்பது. ஒரு குழாயில் மட்டும் அதே பொடியோடு, முன்னமே வேகவைத்துக் கொன்ற நொதியம். அது மஞ்சளாகவே கிடக்கவேண்டும். டிலானி அதைச் "செத்த குழாய்" என்பாள். "பாவம்ங்க, அதுக்கு ஒரு வேலையும் தெரியாது."

இன்று காலையில் புதுப் பொடி போட்ட குழாய்கள் எல்லாம் செக்கச்செவேலென்று வந்தன. மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்குக் கொழும்புக் கூட்டத்தில் பேசப்போகும் உரையில் அந்த எண்களை அப்போதே சேர்த்துவிட்டார். மத்தியானம் டிலானி, கடைசியாகக் கொதிக்கவைத்த செத்த குழாயை வெளியே எடுத்தாள். அதுவும் சிவந்திருந்தது.

நொதியம் செத்துப்போனபின் சிவக்கவைத்தது யார்?

அவளேதான். பொடியைத் தண்ணீர் தெளியும்வரை அலசவேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. இரண்டு தரம் அலசியதும் தேயிலைச் சாயம் ஓடுகிறதே என்று நிறுத்திவிட்டாள். "சாயம் போனா சரக்கே போச்சு" என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு மனசு கேட்குமா? குச்சியில் கழுவாமல் விட்ட சாயமும் சீனியும்தான் அத்தனை குழாயையும் சிவக்க வைத்திருக்கின்றன.

வாயைத் திறந்தால் வேலை போகும். மூடினால், நாளை யாராவது செத்த குழாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலே போதும், அத்தனை பேர் முன்னால் மேடத்தின் மானம் போகும். தொட்டியில் ஊற்றிவிடலாமா? ஒரு குருவிக்கும் தெரியாது. குழாய் பாதி சரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மேடம் உள்ளே வந்தார்.

"அட, நல்ல செவப்பு! இது எந்தப் பூஞ்சணம்?"

"பூஞ்சணம் இல்லைங்க மேடம்... இது செத்த குழாய்ங்க."

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். திரும்பாமலே கேட்டார்: "இந்தப் பொடிய யாரு கழுவின?"

அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். டிலானி, வகுப்பில் நிற்கும் பிள்ளைபோல, மெல்லக் கையைத் தூக்கினாள்.