ராத்து ஏறிய மேடு

அகோசிதா எங்கள் நடமாடும் மருத்துவ வண்டியின் ஓட்டுநர். அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை பார்த்தவர். "இது ஆம்பள வேலையாச்சே" என்பவர்களிடம், "அப்ப நீ ஏறு, நான் கீழ நின்னு பாக்குறேன்" என்பார்.

வெள்ளம் வடிந்ததும் ஃபிஜியின் மலைக்கிராமங்களில் எலிக்காய்ச்சல் பரவியது. அன்று எரோனி என்ற விவசாயி எங்கள் வண்டிக்குள் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தான். இரண்டு நாளாகச் சிறுநீர் போகவில்லை. நாங்கள் கடந்து வந்த பாலமும் இடிந்துவிட்டது. தலைநகர் சுவாவில் இருக்கும் டாக்டர், நர்ஸான நான் எடுக்கும் ஸ்கேனை அங்கிருந்தே பார்த்தால்தான் ஹெலிகாப்டர் வரும். சிக்னலோ மலைக்கு அந்தப் பக்கம். வண்டிக் கூரையில் இருக்கும் ஆன்டெனாவை உயர்த்தும் மோட்டாரில் சேறு புகுந்திருந்தது. கூரைமேல் ஏறிக் கையால்தான் தூக்க வேண்டும்.

அகோசிதா ஏணியில் இரண்டு படி ஏறியவர் சட்டென்று நின்றார். மாமரத்தடியில் ஊர்த்தலைவர் ராத்து இலைத்தியா பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே அந்த ஊரில் யாரும் நிற்பதில்லை; அது பெரிய அவமரியாதை.

"ஏறுங்கக்கா, அவன் செத்துருவான்!" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நான் ஏறினா நாளைக்கு ஒருத்தரும் நம்ம வண்டிகிட்ட வரமாட்டாங்க. இன்னும் ஒம்பது பேருக்குக் காய்ச்சல்."

ராத்துவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"சர்ச் மேடு ஒன் வண்டிய விட ஒசரந்தானே, மகளே?"

மூட்டுவலிக்காரர். சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறினார். பாதியில் நின்று கத்தினார்: "இப்பப் போதுமா?"

"இன்னும் கொஞ்சம், ராத்து! நான் நெட்டச்சி!"

ஊரே சிரித்தது. உச்சிக்குப் போய் மணிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தடியை உயர்த்திக் காட்டினார். அடுத்த கணம் அகோசிதா கூரைமேல் இருந்தார். ஆன்டெனாக் கம்பம் கிறீச்சிட்டு நிமிர்ந்தது. திரையில் டாக்டரின் முகம் வந்தது.

"நல்லாத் தெரியுது. கிட்னிதான். ஹெலிகாப்டர் அனுப்புறேன்."

ஒரு மணி நேரத்தில் அது வந்து சர்ச் மேட்டின் மேல் வட்டமிட்டது. ராத்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, என் தலைக்கு மேல பறக்குற இவனுக்கு நான் எந்த மேட்டுல ஏறணும்?"

மூன்று வாரத்தில் எரோனி தன் காலாலேயே நடந்து ஊர் திரும்பினான். மற்ற ஒன்பது பேரும் அன்றே வண்டிக்கு வந்து மருந்து வாங்கிப் பிழைத்துக்கொண்டார்கள். மோட்டாரைப் பழுது பார்த்துவிட்டதை ராத்துவிடம் சொன்னோம். "திரும்பக் கெட்டுப்போச்சுன்னா?" என்கிறார். வண்டிச் சத்தம் கேட்டதுமே மேடேறத் தொடங்கிவிடுகிறார்.